திருப்பிச் சொல்லு சிஸ்டர்

"அவளுக்கே புத்தி பத்தல. வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியத தினமும் அள்ளிப் போட்டிருக்கா. இதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

துக்கம் கேட்க வந்தவர்களிடம் முன்னறையில் மனைவியைப் பறிகொடுத்த அச்சகக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. ஒரு சொல்கூட மாறவில்லை. வந்தவர்களும் ஒருவர் விடாமல் "ச்சு" கொட்டிவிட்டு, செத்தவளின் அறியாமைக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள்.

உள்ளறையில் தங்கையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. அவள் வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பதினாறு வருஷ சர்வீஸ். யார் யார் வீட்டு உயிரையோ காபந்து பண்ணியவளுக்குச் சொந்தத் தங்கையின் விஷயம் கடைசி நாளில்தான் தெரியவந்தது. அவள் ஓடி வந்தபோது தங்கைக்குப் பேச்சு பாதி போயிருந்தது. வாய்க்குள் உதடு முதல் தொண்டை வரை புண். தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. அந்த நிலையிலும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, காதோரமாகச் சொன்னாள்:

"காலைல ஒண்ணு போடுன்னாரு அக்கா. ஒழுங்காப் போட்டேன். ஒரு நாள் கூடத் தப்பல."

வைத்தியம் பார்த்தவர்கள் பாராட்டுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. மறுநாள் மத்தியானம் உயிர் போய்விட்டது.

மடித்த துணிகளுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடைத்தன. ஒன்றில் பத்தும் காலி. இன்னொன்றில் ஒன்பது பாக்கி. பதினோரு நாள். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு தடவை கொடுக்கும் மாத்திரை அது. தினமும் போட்டால் ரத்தம் ஊறும் இடத்தையே வற்ற வைத்துவிடும். நர்ஸிங் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வருஷத்திலேயே மிரட்டிச் சொல்லித் தரும் மருந்து.

அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னறைக்கு வந்தாள்.

"டாக்டர் சீட்டு எங்க?"

அச்சகக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சீட்டா? எங்கிட்டதான் பத்திரமா இருக்கு." சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, நாலாக மடித்திருந்த தாளைப் பிரித்து நீட்டினார். 'வாரம் ஒரு முறை மட்டும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. கோடு தாளின் மறுபக்கமும் அழுந்தித் தெரிந்தது.

"இது அவ கைக்கு வரவே இல்லையா?"

"அவளுக்கு எதுக்கு? டாக்டரு எங்கிட்டத்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டவனும் நான்தான். வீட்டுல வந்து சொல்லாமயா இருப்பேன்?"

"வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்னீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அண்ணன் குறுக்கே வந்தார். "துக்க வீட்டுல விசாரணை வேணாம்மா. போனது போயிடுச்சு. இருக்கிறவனையும் கொல்லாதீங்க."

மற்றவர்களும் அதையே முணுமுணுத்தார்கள். அக்கா உள்ளே போய்விட்டாள்.

பிறகு அவள் சும்மா இருந்துவிடவில்லை. தங்கைக்கு மருந்து எழுதிய ஆஸ்பத்திரிக்கு மனு எழுதினாள். பதில் இரண்டே வரியில் வந்தது: மருந்து உட்கொள்ளும் முறை நோயாளியின் கணவரிடம் விளக்கப்பட்டது, கணவர் கையொப்பம் பதிவேட்டில் உள்ளது. ஆஸ்பத்திரி கணவனிடம் சொன்னது. கணவன் மனைவியிடம் சொன்னதாகச் சொன்னான். ஆக, தப்பு முழுவதும் செத்தவளுடையது. செத்தவள் எழுந்து வந்து பதில் மனுப் போட முடியாது என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அந்த இரண்டு வரியைப் படித்த அன்று அவள் அழவில்லை. அந்த மனிதன் என்றைக்காவது தன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். சாமி கும்பிடுகிற நேரத்திலும் அதைத்தான் நினைத்தாள்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. இதற்குள் அவளுடைய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது: 'திருப்பிச் சொல்லு சிஸ்டர்'. வெளிநோயாளிகளுக்கு மருந்து விளக்கும் சின்ன அறையை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். யார் மருந்து வாங்கிப் போனாலும் எந்த மாத்திரை, எதற்கு, எப்போது, என்ன ஆனால் ஓடி வர வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் விடுவாள். பெண்களுக்கு மருந்து எழுதினால், கூட வந்த ஆணை வாசலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடமே பேசுவாள். 'விளக்கம் பெற்றவர்' என்ற இடத்தில் அந்தப் பெண்ணே கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு.

இதற்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. "எம் பொண்டாட்டிக்கு என்ன மருந்துன்னு எனக்குத் தெரியக் கூடாதா?" என்று ஒருவர் மேலதிகாரியிடம் போய்க் கத்தினார். "தெரியலாம். அவங்க சொல்லுவாங்க, கேட்டுக்கோங்க" என்றாள் இவள். இரண்டு தடவை விளக்கக் கடிதம் கேட்டார்கள். இரண்டு தடவையும் ஒரே வரிதான் எழுதிக் கொடுத்தாள்: மாத்திரை விழுங்குகிறவரிடம் விளக்கப்பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மேசைக்கு வந்த சீட்டில் இருந்த மருந்தையும் பெயரையும் பார்த்தாள். அதே மருந்து. பெயர் அச்சகக்காரருடையது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். வாசலில் எட்டிப் பார்த்தாள். ஆள் இளைத்திருந்தார். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, இரண்டு கைகளையும் மடியில் வேறு யாருடைய பொருளையோ வைத்திருப்பது போல வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் இரண்டாம் தாரம் கட்டியிருப்பதாக நர்ஸ் கேள்விப்பட்டிருந்தாள்; அவளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

சீட்டை அவர் கையில் கொடுத்து, "சரி, போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதியை அவருடைய அலட்சியமே பார்த்துக்கொள்ளும். மாத்திரை என்றால் காலையில் ஒன்று என்பதுதானே அவர் பாடம். பேசாமல் இருந்ததைக் கொலை என்று யார் சொல்லப்போகிறார்கள்? அவரும் அப்படித்தானே தப்பினார்?

பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். தெரியாமல் செத்தால் இவருக்கு என்ன வலி? என் தங்கச்சி தெரியாமல்தான் செத்தாள். இவருக்குத் தெரிய வேண்டும். ஒரு எழுத்து விடாமல் தெரிய வேண்டும்.

"அடுத்தவங்க வாங்க. கூட வந்தவங்களும் வாங்க."

அவர் உள்ளே வந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ எதுக்கு சிஸ்டர்? எங்கிட்டச் சொன்னா போதும். அவ எந்நேரமும் அரைத் தூக்கத்துல இருப்பா. கும்பகர்ணன் தங்கச்சி. அவகிட்டச் சொல்றதும் சுவத்துகிட்டச் சொல்றதும் ஒண்ணு."

"சுவரு யாரையும் கொன்னதில்ல" என்றாள் நர்ஸ், மூலையில் இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "நீங்க உக்காருங்கம்மா."

அந்தக் குரலில் அவர் நிமிர்ந்தார். முகம் வெளிறியது.

"அக்கா... நீங்களா?"

"வீட்டுலதான் அக்கா. இங்க சிஸ்டர். நான் சொல்றதக் கேட்டு, முடிச்சதும் திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொன்னாத்தான் நான் சீல் வைப்பேன். சீல் இருந்தாத்தான் மருந்து."

அவசரமே இல்லாமல், வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். மூட்டு வலிக்கான மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், உங்களுக்கு வியாழக்கிழமை. வலி கூடுதலாக இருக்கிறதென்று இன்னொன்று போடக் கூடாது. மறந்துவிட்டால் நீங்களாக எதுவும் செய்யாமல் எங்களைக் கேட்க வேண்டும். கடையில் வேறு வலி மாத்திரை வாங்கி இதோடு சேர்த்துப் போடக் கூடாது. குடிக்கக் கூடாது. தேதி தவறாமல் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

"அதான் கேட்டுட்டேனே..."

"திருப்பிச் சொல்லுங்க."

"வாரத்துக்கு ஒண்ணு. வியாழக்கிழம."

"தினமும் போட்டா?"

"போடக் கூடாது."

"போட்டா என்ன ஆகும்னு கேட்டேன்."

"உசுருக்கு ஆபத்து."

"எதுல ஆரம்பிக்கும்? நான் இன்னும் அதச் சொல்லல. ஆனா உங்களுக்குத் தெரியும். வீட்டுல பார்த்திருக்கீங்க."

"வாய்ல... புண்ணு வரும்."

"சத்தமா."

"வாய்ல புண்ணு வரும். காய்ச்சல் வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட முடியாது. தண்ணி இறங்காது." அவர் சீட்டுக்குக் கை நீட்டினார். "போதும் சிஸ்டர்."

"போதாது. புண்ணு வந்த உடனே என்ன பண்ணணும்? சூட்டுப் புண்ணு, தானா ஆறிடும்னு வீட்டுல படுக்கப் போடணுமா?"

"இல்ல. மாத்திரைய நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்."

வெளியே வரிசையில் பேச்சு நின்றுபோயிருந்தது. அதுவரை தலை தொங்க உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மெல்ல முகத்தைத் தூக்கினாள். அவளுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"சிஸ்டர்... மொதல்ல இருந்த அக்கா போட்டது இந்த மாத்திரைதானா?"

"ஆமாம்மா. அவ என் தங்கச்சி."

அந்தப் பெண் நர்ஸை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "அவங்க தானா தப்பா முழுங்கிட்டாங்கன்னுதானே சொன்னீங்க. அவங்ககிட்ட வாரத்துக்கு ஒண்ணுன்னு யாரு சொன்னது?"

"இங்க வச்சு என்ன பேச்சு? வீட்டுல..."

"கேக்குறாங்க இல்ல, சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே ஏழெட்டு முகங்கள். மேசையில் சீல் வைக்காத சீட்டு. மடியில் வீங்கிய கைகள்.

"வேல அவசரம். காலைல ஒண்ணு போட்டுக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

"வாரத்துக்கு ஒண்ணுன்னு?"

"சொல்லல."

"திருப்பிச் சொல்லுங்க."

"சொல்லல. நான் சொல்லல."

ஆறு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை இதுதான். கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்கு வயிறு நிறையவில்லை. இவர் எழுந்து போய் மருந்து வாங்கி, ஒழுங்காகச் சாப்பிட்டு, வலி குறைந்து நன்றாக இருப்பார். தங்கை செத்தது செத்ததுதான். இன்னும் ஏதாவது வேண்டும் போல அவளுக்குக் கை பரபரத்தது. என்ன என்று தெரியவில்லை. சீலை ஓங்கிக் குத்தினாள்.

"மருந்து வாங்கிட்டு வந்து எங்கிட்டக் காட்டணும். சரியான மருந்தான்னு பார்த்துட்டுத்தான் விடுவேன். இவங்க இங்கயே இருக்கட்டும்."

அவர் தப்பித்தால் போதுமென்று எழுந்து போனார். மருந்து கொடுக்கும் இடத்தில் வரிசை நீளம். எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்தப் பெண்ணும் எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே பழையதும் புதியதுமாக இடித்த தழும்புகள் இருந்தன. அத்தனை வருஷம் நோயாளிகளைப் பார்த்த கண், அப்போதுதான் இவளைச் சரியாகப் பார்த்தது. அதுவரை அந்தக் கண்ணில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

"அடிக்கடி விழுறீங்களா?"

"நடக்கையில தள்ளும் சிஸ்டர். சோம்பேறி ஒடம்பு. கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி இல்ல. தையல் மிஷின்ல உக்காந்தா ஒரு நாளைக்கு எட்டு ரவிக்கை தைப்பேன். இப்ப ஊசில நூல் கோக்க முடியல. தைக்கும்போதே தூங்கிடறேன்."

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சத்து மாத்திரை மட்டும். அவரே தினமும் கையில குடுப்பாரு. ரெண்டு வருஷமா. மொதல்ல அடிக்கடி எதிர்த்துப் பேசுவேன், சண்டை போடுவேன். ஒடம்புல சத்து இல்ல, அதான் கோவம் வருதுன்னு சொல்லி வாங்கிட்டு வந்தாரு." சற்றுத் தயங்கிவிட்டு, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். "அவரு சட்டைய துவைக்க எடுத்தப்ப பையில இது இருந்துச்சு. பேரு இங்கிலீஷ்ல இருக்கு, படிக்கத் தெரியல. உங்கள மாதிரி யாராவது கிடைச்சா கேக்கலாம்னு வச்சிருக்கேன்."

நர்ஸ் அந்தத் துண்டு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"அம்மா, இது சத்து மாத்திரை இல்ல. பதட்டத்த அடக்கி, தூங்க வைக்கிற மாத்திரை."

அந்தப் பெண் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் அழுவாள் என்று நர்ஸ் நினைத்தாள். அவள் அழவில்லை. கைக்குட்டையை நிதானமாக நாலாக மடித்தாள்.

"இன்னைக்கே தூக்கி எறிஞ்சிடறேன்."

"அப்படிச் செய்யாதீங்க. ரெண்டு வருஷமா போட்டத ஒரே நாள்ல நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் அளவு எழுதுவாரு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க?"

"திடீர்னு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்" என்றாள் அவள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. சுவருக்கு நல்ல ஞாபக சக்தி.

பக்கத்து அறையில் இருந்த டாக்டரிடம் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அவர் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார், சோதித்தார், எழுதினார். எழுதிவிட்டு, "வீட்டுக்காரர் வந்திருக்காரா? வரச் சொல்லுங்க, அவர்கிட்ட விளக்கிடறேன்" என்றார். படித்த மனிதர், நல்லவர். அவருக்கும் வாயில் அதுதான் வந்தது.

"முழுங்குறவங்க இவங்க டாக்டர். இவங்ககிட்டச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு கணம் விழித்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். பதில் வாங்கிக்கொண்டு, சீட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

வெளியே வந்ததும் நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். "அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணுமாம்மா? எங்கிட்ட இடம் இருக்கு. அவரு மேல புகார் குடுக்கணும்னாலும் நான் கூட வரேன், சாட்சி சொல்றேன்."

"வரேன் அக்கா. என் மிஷின் அங்க இருக்கு. அத எடுத்துட்டு வரேன். அது எங்கப்பா வாங்கிக் குடுத்தது." 'சிஸ்டர்' எப்போது 'அக்கா'வாக மாறியது என்று இருவருமே கவனிக்கவில்லை. "தலை தெளியட்டும். தெளிஞ்ச தலையோட புகார் எழுதணும். இப்ப எழுதினா, தூங்குமூஞ்சி உளறுறான்னு சொல்லிடுவாங்க."

அவர் மருந்தோடு வந்தார். நர்ஸ் பெயரையும் அளவையும் சரிபார்த்தாள். எல்லாம் சரி. அவர் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கப் போனார். வீங்கிய விரல்களுக்கு உறை பிடிபடவில்லை, தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அட்டைல இருந்து மாத்திரைய உங்களால பிதுக்க முடியுமா?" என்று கேட்டாள் நர்ஸ்.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார்.

அந்தப் பெண் குனிந்து உறையை எடுத்தாள். பிறகு கைக்குட்டையைப் பிரித்து, அந்தத் துண்டு அட்டையை மேசைமேல், அவர் கண்ணுக்கு நேரே வைத்தாள். பார்த்தவுடன் அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"அது... அது உன் நல்லதுக்குத்தான்..."

அவர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "அக்கா, என் மருந்து இவ கையிலயா இருக்கணும்? வேற யாரையாவது... இங்கயே ஒரு நர்ஸு வாரா வாரம்..."

"முழு விளக்கமும் கேட்டது இவங்கதான்" என்றாள் நர்ஸ். அவள் உதட்டில் சிரிப்பு போன்ற ஒன்று வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. "வாரத்துக்கு ஒண்ணோ, தினமும் ஒண்ணோ, இவங்க குடுக்கிறதுதான்."

அவருடைய நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் படிக்க முயன்றார். ஒன்றும் புரியவில்லை.

"பயப்படாதீங்க" என்றாள் அவள். உறையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "என்ன மாத்திரை, எதுக்குன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் குடுப்பேன்."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் நடந்தாள்.